பட்டறிவுக்கு ஏழு நிமிடம்: வேலைத்தள உளநலப் பிரசாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

2019 ஜனவரி மாதத்தின் கடைசிக் கிழமையில் ஒருநாள், நான் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் எழுந்து நின்று ஏழு நிமிடம் பேசினேன். மல்வேர்னிலிருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் காருக்கு வேண்டிய பிளாஸ்ரிக் பாகங்களை வார்த்துக்கொண்டிருந்தோம். 2012 பனிக்காலத்தில் எனக்கு வந்த மனச்சோர்வு பற்றித்தான் பேசினேன். நித்திரையில்லாத இரவுகள், மூன்று மாதம் வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தது, இனி இருந்து என்ன பயன் என்ற எண்ணம் விடியும்போதெல்லாம் வந்து கட்டிலடியில் குந்தியிருந்தது, பிறகு மெல்ல மெல்ல எழும்பியது, இவ்வளவும்தான்.

பேசச் சொன்னவர் மனிதவளப் பகுதியில் இருந்த ஒரு நல்ல பெண். நல்ல பெண் என்று நான் எழுதுவதில் கிண்டல் எதுவுமில்லை. அந்தக் கட்டிடத்திற்குள் என் பெயரை முழுதாகப் பிழையில்லாமல் உச்சரித்த முதல் ஆள் அவர். அவர் மூன்று நிபந்தனைகள் சொன்னார். ஏழு நிமிடத்தைத் தாண்டக்கூடாது. கம்பனியைப் பற்றியோ சுப்பவைசர்களைப் பற்றியோ எதிர்மறையாக எதுவும் வேண்டாம். முடிவு நம்பிக்கையூட்டுவதாக இருக்கவேண்டும். நான் எழுதிக்கொண்டுபோன தாளில் ஒரு பந்தியை அவர் பென்சிலால் மெல்லக் குறுக்கே கீறினார். கிழமைக்குக் கிழமை பகலும் இரவுமாக மாறும் ஷிவ்ற்றும், பன்னிரண்டு மணிநேர வேலையும் என் நித்திரையை எப்படிக் கெடுத்தன என்று அந்தப் பந்தியில் எழுதியிருந்தேன். "இது உங்கள் கதையல்ல, இது வேலை அட்டவணை" என்றார்.

பேசினேன். கைதட்டினார்கள். பீற்சா தந்தார்கள். அடுத்த கிழமை எனக்கு இரவு ஷிவ்ற்.

அந்தப் பென்சில் கோட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை. இதை ஒரு தனி மனிதனின் மனக்குறையாக வாசிக்கவேண்டாம். இன்று கனடாவில் எந்தப் பெரிய நிறுவனத்தை எடுத்தாலும், "வாழ்ந்த அனுபவம்" உள்ள ஒருவரை மேடையேற்றிப் பேசவைப்பது உளநல மேம்பாட்டினதும் தற்கொலைத் தடுப்பினதும் முதல் வேலையாகிவிட்டது. இந்த முறையின் பெறுமதி என்ன, எல்லை என்ன, எம்மைப் போன்ற அகதிச் சமூகத்துத் தொழிலாளர்களுக்கு அது எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்விகளை எமக்குள் விவாதிக்கவேண்டிய தேவை இருக்கிறது.

2

"வாழ்ந்த அனுபவம்" என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சோடைபோன மொழிபெயர்ப்பு. தமிழில் இதற்கு ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது: பட்டறிவு. பட்டு, அதனால் அறிந்தது. ஆங்கிலச் சொல்லில் அனுபவம் மட்டுமே இருக்கிறது. எமது சொல்லில் அறிவும் சேர்ந்திருக்கிறது. இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. அனுபவம் என்றால் அதைக் கேட்டு இரக்கப்படலாம், கைதட்டலாம், கலைந்து போகலாம். அறிவு என்றால் அதற்குப் பதில் சொல்லவேண்டும். என் நோய்க்கும் என் வேலை நேரத்திற்கும் என்ன தொடர்பு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது அறிவு. பென்சில் வெட்டியது அதைத்தான். மிஞ்சியது சாட்சியம்.

சாட்சியம் சொல்வது எமக்குப் புதிதல்ல. 1985 இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளர் தன் கதையை நேரில் சொல்லும் உரிமையை உறுதிசெய்தது. 1989 இல் குடிவரவு அகதிகள் சபை உருவானது. அதன்பின் இங்கு வந்த எம்மவர்களில் பெரும்பாலானோர் "பிஃப்" என்று நாம் சொல்லும் அந்தப் படிவத்தை நிரப்பியவர்களே. 2012 டிசம்பரில் அது வேறு பெயருள்ள படிவமாக மாறியது, வேலை ஒன்றுதான். எந்தத் திகதியில் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எங்கே அடித்தார்கள். எந்தக் காயம் எடுபடும், எது எடுபடாது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், கடைசியில் எமக்கும் தெரிந்துவிட்டது. பசியால் வந்தேன் என்று எழுதமுடியாது. சாதியால் வந்தேன் என்று எழுதலாம், ஆனால் யாரும் எழுதச் சொல்லவில்லை. நடந்ததிலிருந்து ஒரு கதையைக் கத்தரித்து எடுத்து, நம்பத்தகுந்ததாக ஒழுங்குபடுத்தி, ஒரு மேசைக்கு முன்னால் ஒப்புவித்து, பதிலுக்கு ஒரு முத்திரையைப் பெற்றோம்.

ஆகவே சாப்பாட்டறையில் நின்று பேசியபோது எனக்கு ஒரு பழைய பழக்கம் கைகொடுத்தது. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் நன்றி சொல்வது எல்லாம் தானாக வந்தன. விசாரணை அறையில் வென்றவன் சாப்பாட்டறையிலும் வென்றான். என்னை மிகவும் வெட்கப்படவைத்த விடயம் இதுதான்.

இந்த விமர்சனத்தை முதலில் வைத்தவர்கள் நாமல்ல. தம்மை உளமருத்துவத்திலிருந்து தப்பியவர்கள் என்று அழைத்துக்கொள்ளும் இயக்கம் ஒன்று ரொறன்ரோவில் நீண்டகாலமாக இருக்கிறது. 1993 இல் பார்க்டேல் பகுதியில் அவர்கள் தமக்கென ஒரு பெருமை நாளைத் தொடங்கினார்கள். 2011 இல் அவ்வியக்கத்தைச் சார்ந்தவர்களும் அவர்களோடு நின்ற ஆய்வாளர்களும் "எமது கதைகளை மீட்டெடுத்தல்" என்ற பொருளில் ஒரு கூட்டம் நடத்தி, அடுத்த ஆண்டு அதுபற்றி ஒரு கட்டுரையும் எழுதினார்கள். நோயாளியின் கதை நிறுவனத்துக்கு ஒரு விளம்பரப் பண்டமாகிறது, கதை நிறுவனத்தைப் பற்றிய விமர்சனமாக மாறும் கணத்தில் கேட்பது நிறுத்தப்படுகிறது, எனவே சொல்ல மறுப்பதும் ஒரு எதிர்ப்பே என்பது அவர்களது வாதத்தின் சாரம். எமது வாசகர்கள் இதைத் தேடி வாசிக்கவேண்டும். வெள்ளையர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவைத்த ஒரு விவாதம், உண்மையில் அகதிகளான எமக்கு மிக நெருக்கமானது.

3

அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். நிரந்தர வேலையாட்கள் இருந்தார்கள், அலுவலக ஆட்கள் இருந்தார்கள். ஏஜென்சியால் வந்த பெடியள் இருக்கவில்லை. லைன் நிற்கக்கூடாது என்பதால் அவர்கள் அந்த நேரம் மெஷினில் நின்றார்கள். யாருக்கு அடுத்த கிழமை வேலை இருக்குமா என்று தெரியாதோ, யாருக்கு நோய் வந்தால் சம்பளம் இல்லையோ, அவர்களுக்காகக் கூட்டம் நடக்கவில்லை. நான் நிரந்தரமானவன். எனக்கு யூனியனும் காப்புறுதியும் இருந்தன. அதனால்தான் 2012 இல் மூன்று மாதம் கிடந்து எழும்ப முடிந்தது, அதனால்தான் 2019 இல் அதைப் பேசவும் முடிந்தது. "துணிந்து பேசினேன்" என்று எல்லோரும் பாராட்டிய துணிவில் பாதி என் யூனியன் அட்டைக்குச் சொந்தம்.

இது ஒரு தொழிற்சாலையின் கதை மட்டுமல்ல. கனடிய உளநல ஆணையம் 2007 இல் அமைக்கப்பட்டது. அதன் முயற்சியால் 2013 ஜனவரியில் வேலைத்தள உளவியல் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்குமான தேசிய நியமம் வெளிவந்தது. உலகில் இவ்வகையில் முன்னோடியானது என்று பேசப்பட்ட அந்த ஆவணம் பதின்மூன்று காரணிகளைப் பட்டியலிடுகிறது. வேலைச்சுமை அதில் இருக்கிறது. தன் வேலையைப் பற்றிய முடிவில் தொழிலாளிக்கு உள்ள பங்கும் இருக்கிறது. படித்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையானது. கட்டாயம் எதுவுமில்லை.

கட்டாயமான சட்டம் என்ன சொல்கிறது? ஒன்ராறியோவின் வேலைத்தளப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபை 2018 ஜனவரி 1 முதல் நீடித்த மன அழுத்தத்துக்கும் நட்டஈடு கோரலாம் என்றது. நல்லது. ஆனால் வேலையே அதற்கு முதன்மைக் காரணம் என்று காட்டவேண்டும். அத்தோடு, வேலை நேரத்தை மாற்றுவது, உற்பத்தி இலக்கைக் கூட்டுவது, இடம் மாற்றுவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, வேலையை விட்டு நிறுத்துவது போன்ற முதலாளியின் முடிவுகளால் வந்த அழுத்தம் இதில் சேராது. என் தாளில் பென்சில் வெட்டிய இடமும் சட்டம் வெட்டிய இடமும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண் தன் விருப்பத்துக்கு வெட்டவில்லை.

கனடாவின் மிகப் பிரபலமான உளநலப் பிரசாரம் பெல் தொலைபேசி நிறுவனத்தினுடையது. 2010 இல் அறிவிக்கப்பட்டு, 2011 இலிருந்து ஆண்டுதோறும் ஒரு நாள் "பேசுவோம்" என்று கொண்டாடப்படுகிறது. கோடைகால, குளிர்கால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கம் வென்ற கிளாரா ஹியூஸ் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசி அதன் முகமானார். அவர் பேசியதால் வாய்திறந்தவர்கள் பலர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017 இல் அதே நிறுவனத்தின் தொலைபேசி விற்பனைப் பணியாளர்கள் தம்மீது சுமத்தப்படும் இலக்குகளால் நோயாளிகளாகிறோம் என்று சீ.பி.சி. ஊடகத்திடம் முறையிட்டார்கள். 2024 இல் "பேசுவோம்" நாள் ஜனவரி 24 அன்று நடந்தது. பெப்ரவரி 8 அன்று 4,800 வேலைகள் வெட்டப்படுவதாக நிறுவனம் அறிவித்தது. பேசு என்கிறார்கள். எதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை வேறு மொழியில் சொல்கிறார்கள்.

4

இனி எம் பக்கத்துக்கு வருவோம். மற்றவனை விமர்சிப்பது எமக்குச் சுலபம்.

நான் விழுந்து கிடந்த காலத்தில் பார்க்க வந்த நண்பர் ஒருவர், பழைய இடதுசாரி, நல்ல வாசகர். "இது உனக்கு வந்த வருத்தமில்லை, முதலாளித்துவத்துக்கு வந்த வருத்தம்" என்றார். அந்நியமாதல் பற்றி அரை மணிநேரம் விளக்கினார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் விடிய மூன்று மணிக்கு அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என்னை எழுப்பியவர் அந்நியமாதல் பற்றி எதுவும் அறியாத ஒரு திரினிடாட் காரர். அவரும் இதே மெஷினில் நின்றவர், இதே வருத்தத்தில் கிடந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "எனக்கும் இது வந்தது, இப்படித்தான் போனது" என்று சொல்லி, குடும்ப வைத்தியரிடம் என்னைத் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். குணமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. தனக்கு எட்டு மாதம் எடுத்தது என்றார். அந்த எட்டு மாதம் என்ற கணக்குத்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பட்டறிவு செய்யக்கூடிய வேலை இதுதான். எந்த நிபுணராலும் இதைச் செய்யமுடியாது, எந்தக் கோட்பாட்டாலும் முடியாது. அமைப்பைப் பற்றிய விமர்சனம் மனிதனைக் கைவிடுவதற்கான சாட்டாக இருக்கக்கூடாது.

இரண்டாவது, சாவைப் பற்றி நாம் வைத்திருக்கும் இரண்டு மொழிகள். 1974 ஜூனில் பொன்னுத்துரை சிவகுமாரன் பொலிஸ் பிடியில் உயிரோடு அகப்படாமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டதிலிருந்து, எமது அரசியலில் ஒருவகைத் தன்னுயிர் மாய்ப்புக்குப் படமும் விளக்கும் பாட்டும் கிடைத்தன. குப்பி ஒரு அடையாளமாயிற்று. அதே சமூகத்தில், ஒரு வேலையாள் தன் அறையில் தனியாக இறந்துபோனால் மரண அறிவித்தலில் "திடீரெனக் காலமானார்" என்று வரும். செத்தவீட்டில் ஹாட் அற்றாக் என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்ப்பார்கள். ஒன்றைப் புனிதமாக்கினோம், மற்றதை இழுக்காக்கினோம். இரண்டிலும் அந்த மனிதன் கடைசியாக என்ன பாடுபட்டான் என்று கேட்கவில்லை. வேலைத்தளத்தில் தமிழர்கள் ஏன் பேசுகிறார்களில்லை என்று அதிகாரிகள் கேட்கும்போது "கலாசாரக் கூச்சம்" என்று பதில் சொல்கிறோம். கூச்சமல்ல, சாவைப் பற்றிச் சாதாரணமாகப் பேச எம்மிடம் ஒரு மொழி மிஞ்சவில்லை.

உளமருத்துவர் மோர்ட்டன் பைசரும் குழுவினரும் 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ரொறன்ரோத் தமிழர்களிடையே ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 12 வீதமானோர் போர் அதிர்ச்சியால் வரும் மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் உதவி நாடியிருந்தார். மற்ற ஒன்பது பேரும் எங்கே இருந்தார்கள்? எங்களோடு லைனில் நின்றார்கள், ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவினார்கள், இரண்டாவது வேலைக்கு பஸ் பிடித்தார்கள். 1985 இல் ஓடத்தொடங்கிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் மல்வேர்னுக்கு வரும் வரும் என்று பல தடவை வாக்களிக்கப்பட்டு ஒருநாளும் வரவில்லை. 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு ஓட்டமே நின்றுவிட்டது. போகவர மூன்று மணித்தியாலம் பயணம் செய்பவனிடம் தியானம் செய், நடைப்பயிற்சி செய் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள்.

5

என் பேச்சின் பின்விளைவு ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது.

அன்று மாலை பஸ் தரிப்பிடத்தில் ஏஜென்சிப் பெடியன் ஒருவன் கிட்ட வந்தான். வன்னியைச் சேர்ந்தவன், 2009 க்குப் பிறகு வந்தவன். "அண்ணை, உள்ளுக்கு ஏதோ பேசினீங்களாம். என்ன பேசினீங்கள்?" என்று கேட்டான். பென்சில் வெட்டிய பந்தியையும் சேர்த்து முழுதாகச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "எனக்கும் அப்பிடித்தான் அண்ணை. விடியப்புறம் லைனிலை நிக்கேக்கை, இண்டைக்கு வீட்டை போகத்தான் வேணுமோ எண்டு இருக்கும்" என்றான்.

நான் என்ன செய்தேன்? "அப்படி யோசியாதை தம்பி, எல்லாம் சரிவரும்" என்றேன். என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அவனுடையதை வாங்கவில்லை. பஸ் வந்தது. இரண்டு கிழமையில் ஏஜென்சி அவனை நிறுத்திவிட்டது. எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தனிப்பட்ட விபரம் தரமுடியாது என்றார்கள். இன்றுவரை அவனைக் காணவில்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை.

பிறகுதான் நான் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். கல்கரியில் உருவாகி இன்று பல நாடுகளில் நடத்தப்படும் பயிற்சி அது. அங்கே முதலில் கற்றுத்தந்தது: "தற்கொலை செய்யும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேரே கேட்கவேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பது பிழையான பயம். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டாவது, ஆளைத் தனியே விடாமல் அடுத்த உதவிவரை கூடப்போகவேண்டும். திரினிடாட் காரர் இதை யாரும் கற்பிக்காமலே செய்தார். எனக்குத் தெரியவில்லை. என்னை மேடையேற்றியவர்களில் எவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை. கதை சொன்னவனிடம் மற்றவர்கள் தங்கள் கதையோடு வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாத விடயமா? ஒரு கதவைத் திறந்தார்கள், உள்ளே அறை கட்டவில்லை.

6

அறை கட்டிய இடங்களும் உண்டு.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கட்டிடத் தொழிலாளர்களிடையே தற்கொலை அதிகம் என்று ஆய்வொன்று காட்டியதைத் தொடர்ந்து, 2008 இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து "மேற்ஸ் இன் கொன்ஸ்ரக்சன்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே எல்லா வேலையாட்களுக்கும் அறிமுகப் பயிற்சி உண்டு, வேலைத்தளத்திலேயே பயிற்சி பெற்ற சகதொழிலாளி ஒருவர் இருப்பார், அவருக்குப் பின்னால் பொறுப்பாகக் கவனிக்கும் உத்தியோகத்தர் இருப்பார். இங்கே ரொறன்ரோவில் 1987 இலிருந்து ஏ-வே எக்ஸ்பிரஸ் என்ற தபால்பொதி விநியோக நிறுவனம் இயங்குகிறது. உளநோயால் பாதிக்கப்பட்டவர்களே பஸ்ஸிலும் சப்வேயிலும் போய்ப் பொதிகளைக் கொடுக்கிறார்கள். அங்கே பட்டறிவு மேடையில் ஏறுவதில்லை. வேலையை எப்படி ஒழுங்கு செய்வது என்பதற்குள் இருக்கிறது.

இன்னொன்று எமது தீவிலிருந்து. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 வரை போய், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குப் பெரும் காரணம் மிக நச்சான பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. கமக்காரரின் கையில் நாளாந்தம் இருந்த ஒரு பொருள் மாறியது, சாவு குறைந்தது. மனிதர்களின் மனத்தை மட்டும் திருத்தினால் போதும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை. வேலைத்தளத்தில் மாறவேண்டிய பொருள் என்ன? அட்டவணை, இலக்கு, சம்பளத்தோடு நோய் விடுமுறை, ஏஜென்சி முறை.

மல்வேர்னிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ரப்ஸ்கொட் வீதியில் உள்ள ரைபு சமூக சுகாதார நிலையம் 2008 இல் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களை முதன்மையாகக் கொண்டு சேவைசெய்யும் அந்த நிலையத்தின் பெயர் கிஸ்வாஹிலிச் சொல். நலமாக இரு என்று அர்த்தம். தங்கள் மொழியில் பெயர் வைத்து, தங்கள் சமூகத்தின் அறிவை வைத்து ஒரு நிலையத்தை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். அதே சந்தியால் நாம் முப்பது வருடமாகப் போய்வருகிறோம். கோயிலும் கலியாண மண்டபமும் கட்டினோம்.

எனவே வேலைத்தளத்தில் பேச அழைக்கப்படும் எம்மவர்களுக்கு நான் சொல்வது: மறுக்கவேண்டாம், ஆனால் நிபந்தனை போடுங்கள். உங்கள் தாளில் யாரும் பென்சில் வைக்கக்கூடாது. கூட்டம் நடக்கும்போது லைன் நிற்கவேண்டும், ஏஜென்சி ஆட்களும் சம்பளத்தோடு வந்து இருக்கவேண்டும். பேசுவதற்கு முன் உங்களுக்கும் இன்னும் இருவருக்கும் பயிற்சி வேண்டும். பேசிய பின் வருபவர்களை யாரிடம் கூட்டிப்போவது என்று பெயரும் இலக்கமும் எழுத்தில் வேண்டும். பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் உங்கள் கதையில் உள்ள அட்டவணை ஒரு விடயமாக வைக்கப்படவேண்டும். ஐந்தில் ஒன்றும் இல்லையென்றால் பீற்சாவை மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசுவார்கள். விடிய மூன்று மணிக்கு மொழிபெயர்த்துத் துக்கப்பட எம்மில் எத்தனை பேரால் முடியும் என்பது நியாயமான கேள்வி. இருந்தாலும் அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் போட்டுவையுங்கள். பக்கத்தில் நிற்பவன் அழைக்கும்போது கூட இருந்து மொழிபெயர்ப்பதற்காவது.

எல்லாவற்றையும் அமைப்பின் தலையில் போடுகிறேன் என்று சிலரும், நிறுவனங்களோடு சமரசம் பேசுகிறேன் என்று வேறு சிலரும் சொல்லக்கூடும். எழுதுங்கள். ஆனால் எழுதுமுன், உங்களோடு வேலைசெய்த ஒருவரை நினைத்துப் பாருங்கள்: அவருடைய தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கிறதா?